வெளிச் சாப்பாட்டு அலமாரியில் முருகேசன்

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நான். கேட்டில் செக்யூரிட்டி ஏழுமலை அண்ணன். கண்ணாடி அறைக்குள் எங்கள் ஜெனரல் மேனேஜர், ஜி.எம். எதிரே சோபாவில் சரோஜா அம்மா, அவருடைய மகன் பிரபு, மகள் ரேவதி, ரேவதியின் சின்னப் பெண், சரோஜா அம்மாவின் தம்பி கோவிந்தன். வராதவர் ஒரே ஒருவர்தான். யார் பெயரில் ரூம் புக் ஆகியிருந்ததோ அந்த முருகேசன்.

வரவில்லை என்று சொல்வதும் சரியில்லை. வந்திருந்தார். ஒரு மண்பானைக்குள் சாம்பலாக, ஒயர் கூடையில், கேட்டை ஒட்டி நாங்கள் வைத்திருந்த வெளிச் சாப்பாட்டு அலமாரியில், யாருடைய புளிசாதத்துக்கோ சிக்கன் பிரியாணிக்கோ நடுவில் டோக்கன் போட்டு வைக்கப்பட்டிருந்தார். அது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

இதை எழுதச் சொன்னது நான் படித்த கேட்டரிங் கல்லூரி. ஆண்டு மலரில் ஓய்வு பெற்ற பழைய மாணவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்களாம். "சார், எனக்கு முப்பத்து நாலு வயசுதான் ஆவுது" என்று போனில் சொன்னேன். "லைனை விட்டுட்ட இல்ல? அப்போ ரிடையர்டுதான். எழுது" என்றார் ஆசிரியர். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது, படிக்கிற காலத்திலும் முடிந்ததில்லை. இப்போது மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீசில் இருக்கிறேன். அங்கே யாரும் சிரித்துக்கொண்டே சண்டைக்கு வருவதில்லை. நேராகவே வருகிறார்கள். அதுவே பெரிய நிம்மதி.

மாணவர்கள் கேட்கிறார்களாம், ரிசப்ஷன் என்று ஒரு வேலை இனிமேல் இருக்குமா என்று. நான் இருந்த ரிசார்ட்டில் இப்போது அந்த மேசையையே எடுத்துவிட்டார்கள். வருகிறவர் போனில் ஒரு க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டினால் அறைக் கதவு திறக்கிறது. கதவு யாரிடமும் அசட்டுக் கேள்வி கேட்பதில்லை. அந்த விதத்தில் அது என்னைவிட மேல்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையில் பாதி டாக்டருக்குப் படிக்கலாம். ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்தேன். சூப் ஸ்பூனுக்கும் டெசர்ட் ஸ்பூனுக்கும் வித்தியாசம் கற்றேன். வேலைக்குச் சேர்ந்தபின் அந்த இரண்டு ஸ்பூனையும் கேட்டு யாரும் வந்ததில்லை. "தம்பி, மாவுக் கரண்டி கிடைக்குமா?" என்றுதான் வந்தார்கள். அறையிலேயே தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் சேர்ந்த புதிதில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக இருந்த எங்கள் ரிசார்ட்டுக்கு வெள்ளைக்காரர்களும், சென்னையிலிருந்து கார் வைத்திருப்பவர்களும்தான் வருவார்கள். வாரநாளில் ஈ ஓட்டுவோம். அப்புறம் ரோடு அகலமானது. போனில் ரூம் புக் பண்ணுகிற ஆப்கள் வந்தன. முதலாளி ஒரு நாள் கணக்குப் பார்த்துவிட்டு, காலி ரூமை விட மலிவு ரூம் மேல் என்று முடிவு செய்தார். நாலைந்து மாதம் முன்கூட்டியே பணம் கட்டினால் பாதி விலைக்கும் கீழே. நாவலூர் ஐ.டி. பிள்ளைகள் வந்தார்கள், ஊரப்பாக்கத்து வாத்தியார் குடும்பங்கள் வந்தன, மறைமலைநகர்த் தொழிற்சாலைகளிலிருந்து கம்பெனி பஸ்ஸிலேயே, காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற நாள் சுற்றுலா வந்தார்கள். எங்கள் ஊர் ஆட்களும் கடலைப் பார்த்த மாதிரி நாற்காலி போட்டு உட்காரலாம் என்று ஆனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதை அனுபவிக்க விடாமல் பண்ணியவை இரண்டு. ஒன்று, வந்தவர்கள். இன்னொன்று, நாங்கள் போட்ட விதிகள்.

வந்தவர்களைப் பற்றிச் சொன்னால் என்னை நன்றி கெட்டவன் என்பீர்கள். நாலு பேர் ரூமில் பதினொரு பேர் படுப்பார்கள். டீ கெட்டிலில் முட்டை வேகும். இஸ்திரிப் பெட்டியில் சப்பாத்தி சூடாகும். நைலான் உடை மட்டும் என்று எழுதிப் போட்ட நீச்சல் குளத்துக்கு நைட்டியில் வந்து நின்று, "இதுவும் நைலான்தான் தம்பி, தொட்டுப் பாரு" என்பார்கள். எங்கே தொட்டுப் பார்ப்பது?

விதிகள் இன்னும் மோசம். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருத்தர் எங்களை ஏமாற்றிய கதை இருக்கும். மலிவு ரூமை மொத்தமாகப் பிடித்து, பொங்கல் லீவில் இரட்டை விலைக்கு விற்ற ஏஜென்ட் ஒருவரால் வந்தது பெயர் விதி. ரத்து இல்லை, தேதி மாற்றம் இல்லை, பெயர் மாற்றம் இல்லை, புக் பண்ணியவரே அசல் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும். முதலில் அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் நகல். பிறகு புக்கிங்கில் எத்தனை பேரோ அத்தனை கைப்பட்டை எண்ணிக் கட்ட வேண்டும், தங்குகிறவர்களுக்கு நீலம், நாள் சுற்றுலாவுக்கு மஞ்சள். ஒரு பட்டை கூடினாலும் குறைந்தாலும் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

வெளிச் சாப்பாடு விதி கேட்டிலேயே தொடங்கிவிடும். பையைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாடு இருந்தால் அலமாரியில் வைத்து டோக்கனின் ஒரு பாதியை அதில் கட்டி, மறுபாதியைக் கையில் கொடுப்பார்கள். போகும்போது டோக்கனைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். ஒரு டோக்கனுக்கு ஐம்பது ரூபாய், வரி தனி. அது தானாகவே ரூம் கணக்கில் ஏறிவிடும். கேட்டுக்கு முன்பெல்லாம் இரண்டு செக்யூரிட்டி. மலிவு ரூம் வந்த பிறகு அந்தச் செலவைக் குறைத்து ஏழுமலை அண்ணன் ஒருவரை மட்டும் வைத்தார்கள். பை பார்ப்பதும் அவரே, பஸ் ரிவர்ஸ் எடுக்க விசில் ஊதுவதும் அவரே.

இத்தனைக்கும் மேலே ஜி.எம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இல்லை என்ற வார்த்தையையும் அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் நான் இருந்தேன். யாராவது சத்தம் போட்டால் அறையிலிருந்து மெல்ல வெளியே வருவார். சட்டையின் மணிக்கட்டுப் பட்டனைச் சரிபார்ப்பார். வந்தவரைப் பார்த்து, "வெல்கம் ட்ரிங்க் குடிச்சீங்களா?" என்பார். நன்னாரி சர்பத். ஏ.சி. ஓடவில்லை என்றாலும், பாத்ரூமில் பாம்பு என்றாலும், முதல் கேள்வி அதுதான். குடித்தேன் என்றால் இன்னொன்று கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கையில் டம்ளர் இருக்கிற மனிதரால் முழுசாகச் சண்டை போட முடியாது. அதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

முருகேசனுக்கு வருகிறேன். அவரை நான் உயிரோடு பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய வருடம் தன் கம்பெனியோடு நாள் சுற்றுலா வந்தவர். இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், ரிடையர் ஆகப் போகிற கட்டம். எல்லோரும் பாட்டு போட்டு ஆடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கடல் பார்த்த அறைகளின் கீழே நின்று மாடி பால்கனிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மாரி ரூமு இன்னா வெல?"

சொன்னேன். மூஞ்சி சுருங்கிப்போனது. "ஆஃபர் வரும் சார். முன்னாடியே கட்டிட்டா சல்லிசா கிடைக்கும்" என்றேன். நம்பரைக் குறித்துக்கொண்டு போனவர், சில மாதம் கழித்து நிஜமாகவே போன் பண்ணினார். இரண்டு ரூம், ஆறு பேர். எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன்: "சார், கேன்சல் பண்ண முடியாது. பரவால்லையா?"

"நாங்க எதுக்கு தம்பி கேன்சல் பண்ணப் போறோம்? என் வூட்டம்மா கடலப் பாத்து உக்காந்து ஒரு காபி குடிக்கணும். அவ்ளதான்."

அவர்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை முற்பகல். செக்-இன் மதியம்தான் என்றாலும் நம் ஆட்கள் ரயிலுக்கு வருவது போலத்தான் வருவார்கள். மகன் பிரபுவுக்கு மொட்டைத் தலை பளபளவென்று இருந்தது. புன்னகையோடு வரவேற்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புன்னகைத்தேன்.

"திருப்பதியா சார்? நல்ல தரிசனமா?"

"இல்லீங்க. அப்பா" என்றார் அவர்.

புன்னகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ரேவதிதான் விளக்கமாகச் சொன்னார். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அண்ணன் குவைத்திலிருந்து வரத் தாமதமானது. கருமாதி முடிந்து மூன்று நாள் ஆகிறது. "போன்ல பாத்தா ரூமு தேதி வந்துகினு கீது. ரீஃபண்ட் இல்லன்னு போட்டிருந்துச்சு. அம்மாதான் போவலாம்னாங்க."

சரோஜா அம்மா மணிபர்சிலிருந்து கணவரின் ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். படத்தைப் பார்த்ததும் பால்கனியை அண்ணாந்து பார்த்த அந்த மனிதர் ஞாபகம் வந்துவிட்டார்.

"அட்டை இருக்குப்பா. ஆளு கேப்பீங்கன்னு ரேவதி சொன்னா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

கம்ப்யூட்டரும் ஆளைத்தான் கேட்டது. நான் கண்ணாடி அறைக்குள் போனேன்.

"பேர் மாத்த முடியாதுப்பா. ஆஃபர் ரூம்" என்றார் ஜி.எம்.

"சார், அவரு இறந்துட்டாரு."

"புரியுது. ரொம்ப கஷ்டம்தான். ஆனா இன்னைக்கு இவங்களுக்கு மாத்தினா, நாளைக்கு ஏஜென்ட் வருவான், எங்க ஆளும் செத்துட்டான்னு."

"ஏஜென்ட் மொட்டை அடிச்சிகினு வருவானா சார்?"

"சீசன்ல ரூம் என்ன ரேட்டு போகுதுன்னு உனக்குத் தெரியாதா? அடிப்பான்."

"அப்போ பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாமா?"

"ஆஃபர் ரூம்ல ரீஃபண்ட் எங்க இருக்கு?"

"ரூமும் கிடையாது, பணமும் கிடையாதுன்னா அவங்க இன்னா சார் பண்ணுவாங்க?"

ஜி.எம். எழுந்தார். பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு வெளியே வந்தார். சோபாவுக்கு முன்னால் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "வெல்கம் ட்ரிங்க் குடிச்சீங்களாம்மா?" என்றார்.

"குடிச்சோம் சார். ரெண்டு தபா குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு" என்றார் சரோஜா அம்மா. "ரூமு குடுப்பீங்களா?"

இப்படி நேராக யாரும் அவரைக் கேட்டதில்லை. உள்ளே திரும்பி வந்து, பேனாவை மூடித் திறந்து மூடி, கடைசியில் ஒரு வழி சொன்னார். "ஆதார் ஒரிஜினல் இருக்கு இல்ல? நகல் எடுத்துக்கோ. மெயின் கெஸ்ட் லேட்டா வராருன்னு போட்டுடு. அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு."

அப்படித்தான் போட்டேன். பெயர்: டி. முருகேசன். நிலை: பின்னர் வருவார். கம்ப்யூட்டர் சந்தோஷமாக அடுத்த பக்கத்துக்குப் போனது. ஆறு கைப்பட்டை கேட்டது. ஐந்து பேர் கையில் கட்டிவிட்டு ஆறாவதை என்ன செய்வது என்று நான் முழிக்க, சரோஜா அம்மா அதை வாங்கி மணிபர்சில் போட்டுக்கொண்டார். "காசு கட்டுனவரு அவருதானே" என்றார்.

கேட்டில் நடந்ததை ஏழுமலை அண்ணன் பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். கோவிந்தன் கூடையோடு வந்திருக்கிறார். பானை வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது.

"கூடைல இன்னா அண்ணாத்த?"

"ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணும் இல்லாததுக்கா துணி கட்டிகினு வர? பிரியாணியா?"

"சாப்பாடு இல்லப்பா."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தரு சாமி படம்னாரு. தொறந்தா வஞ்சிர மீனு."

கோவிந்தன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அவர் கணக்கு வேறு. அஸ்தியைக் கூரைக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது. வீட்டிலும் வைக்கவில்லை, மயானத்து மரத்தில்தான் கட்டி வைத்திருந்தார்கள். காலையில் கடலில் கரைக்கும்வரை வெளியே ஓர் இடம் வேண்டும், அதுவும் காவலோடு. அதைத்தான் நாங்கள் அலமாரி போட்டு, டோக்கனோடு தயாராக வைத்திருந்தோம். சொன்னால் கேட்டைத் தாண்ட விடமாட்டார்களோ என்ற பயம் வேறு.

"இங்கயே வச்சா பத்திரமா இருக்குமாப்பா?"

"இந்த அலமாரிலேர்ந்து ஒரு சோத்துப் பருக்கை காணாப் போனது கெடையாது."

"அப்போ வச்சிக்க" என்று அக்கா புருஷனைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சரோஜா அம்மா பால்கனியில் உட்கார்ந்திருப்பதை நான் கீழேயிருந்து பார்த்தேன். காபி கொண்டுபோன பையன், "அந்தம்மா ரெண்டு காபி கேட்டாங்க. ஒண்ணத்தான் குடிச்சாங்க" என்றான்.

ஐந்தரை மணிக்கு நாள் சுற்றுலா பஸ் கிளம்பியது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி. ஏழுமலை அண்ணன் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர்களுடைய கேன்டீன் ஆட்கள் இருவர் அலமாரியில் இருந்த அத்தனையையும் வாரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எல்லா டோக்கனும் ஒரே நிறம். தனித்தனி நிறத்தில் அடிக்கிற செலவை மிச்சம் பிடிக்க யாரோ எடுத்த முடிவு.

கொஞ்ச நேரம் கழித்து, விளக்கு வைக்கிற பொழுதில் ஒரு ஊதுபத்தி காட்டலாம் என்று கோவிந்தன் கேட்டுக்குப் போயிருக்கிறார். அலமாரி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் ரிசப்ஷனுக்கு ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது.

"தம்பி, எங்க மாமா எங்க?"

"யாரு சார்?"

"பானை தம்பி. கேட்டாண்ட வச்சேனே. அதுல அவருதான் கீறாரு."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் ஜி.எம். அறைக் கண்ணாடியைத் தட்டினேன். ஜி.எம். வெளியே வந்தார். பட்டனைத் தொட்டார். வாயைத் திறந்தார். சர்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டார்.

பஸ்ஸோடு வந்திருந்த யூனியன்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது. அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பஸ்ஸுக்குள் பாட்டு போட்டால் பக்கத்து சீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. கோவிந்தனை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் ரோட்டில் எதிரே வந்த விளக்கெல்லாம் கண்ணில் குத்தியது. பின்னால் அவர் ஒரே புலம்பல்.

"அக்கா மூஞ்சில எப்டி முழிப்பேன் தம்பி? சாவு வரைக்கும் கூட இருந்தேன், சாம்பலக் காப்பாத்த முடியல. தொறந்து பாத்துட்டு ரோட்டுல கொட்டிட்டாங்கன்னா?"

"கொட்ட மாட்டாங்க சார்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. தயிர்ப் பானை என்று நினைத்துத் திறந்து, கெட்டுப்போச்சு என்று ஜன்னலுக்கு வெளியே சாய்ப்பதை மனசில் ஓட்டிப் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன். படித்த படிப்பு, சூப் ஸ்பூன், இரண்டு பக்க நகல், நீலப்பட்டை, மஞ்சள்பட்டை, ஒன்றும் உதவவில்லை. "சார், எதுக்கு முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா உள்ள வுட்டிருப்பியா?" என்றார். 

செங்கல்பட்டில் ஏரிக்கரை ஓரமாக, ஆள் இறக்குவதற்கு பஸ் நின்றிருந்தது. நான் படியில் தொற்றி ஏறினேன். பாட்டு காதைக் கிழித்தது. மூன்றாவது சீட்டில் ஒருத்தர் ஒயர் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். மேடு பள்ளத்தில் உடைந்துவிடக் கூடாது என்று அத்தனை தூரமும் அப்படியே வந்திருக்கிறார். துணிக்கட்டு பிரியவில்லை.

"அண்ணே, அது உங்களுது இல்ல."

"தெரியும்பா. எங்க ஆளு எவனும் தயிரு எடுத்துனு வரலன்றான். கேன்டீன்ல குடுத்துடலாம்னு—"

"தயிர் இல்லண்ணே" என்றார் என் பின்னால் ஏறிய கோவிந்தன். அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டார். நான் சொன்னேன்.

யார் பாட்டை நிறுத்தினார்கள் என்று தெரியாது. மடியில் வைத்திருந்தவர் அசையவே இல்லை. கையை எடுக்கவும் இல்லை. "யாரு?" என்றார் மெல்ல.

"முருகேசன்னு. பிரஸ் ஷாப்பு" என்று கோவிந்தன் கம்பெனி பெயரையும் சொன்னார்.

"அந்தக் கம்பெனி வண்டி தெனம் எங்க வண்டிக்கு முன்னாடி போவும்" என்றார் அவர். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார். கூடையைக் கையில் கொடுக்காமல் தானே படியிறங்கிக் கொண்டுவந்து, கோவிந்தன் பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் மடியில் வைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கண்ணில் மறையும்வரை பஸ் கிளம்பவில்லை.

திரும்பி வந்தபோது கேட்டிலேயே எல்லோரும் நின்றிருந்தார்கள். கோவிந்தனுக்குப் புதுக் கவலை தொடங்கியிருந்தது. "கடலுக்குன்னு எடுத்துனு வந்தவரு திரும்ப வூட்டுப் பக்கமா போயிட்டாரேக்கா. இது ஆவுமா? ஐயரக் கேக்கணுமா?"

சரோஜா அம்மா பானையின் வாயைத் தொட்டுப் பார்த்தார். துணி கட்டியபடி இருந்தது. அப்போதுதான் அவர் முகம் தளர்ந்தது. அதுவரை அந்த முகம் இறுகி இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

"கம்பெனி பஸ்ஸப் பாத்திருப்பாரு, ஏறிட்டாரு" என்றார். "அம்மாம் வருசப் பழக்கம்."

முதலில் ரேவதி சிரித்தார். அப்புறம் பிரபு. கோவிந்தன் அழுதுகொண்டே சிரித்தார். ஏழுமலை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அலமாரிக்குப் பக்கத்துச் சவுக்கு மரத்தில் கூடையைக் கட்டி, அதற்குக் கீழே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். டோக்கனை அவிழ்த்துவிடலாமே என்றேன். "ரெஜிஸ்டர்ல ஏத்திட்டேன் தம்பி. பொருளு வெளிய போற வரைக்கும் டோக்கன் இருக்கணும். ஒரு தபா வுட்டதே போதும்" என்றார். விடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழவில்லை என்று சமையலறைக்குக் காலை ஷிப்டில் வந்தவர் சொன்னார்.

ஜி.எம்மிடமிருந்து இரவே ஒரு வாய்ஸ் நோட் வந்திருந்தது. எங்கள் கடற்கரைப் பக்கம் வேண்டாம், டிபன் சாப்பிடுகிற கெஸ்ட் சங்கடப்படுவார்கள் என்று. கடல் அவர் பாட்டன் சொத்து இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சண்டை போட தெம்பு இல்லை. தெற்கே மீனவர் குப்பத்துக்கும் எங்கள் வேலிக்கும் நடுவில் ஒரு மணல்வெளி இருக்கிறது. விடியற்காலை அங்கே கூட்டிப்போனேன். ஆறாவது கைப்பட்டை பானைக் கழுத்தில் கட்டியிருந்தது, சரோஜா அம்மா வேலை. "பிளாஸ்டிக்மா, கடல்ல போடக் கூடாது" என்று ரேவதி அவிழ்த்து எடுத்துவிட்டார். பிரபு முழங்கால் ஆழம் இறங்கி, திரும்பி நின்று, பானையைத் தோளுக்கு மேலாக விட்டார். அலை ஒரு தடவை திருப்பிக் கொண்டுவந்து காட்டியது. இரண்டாவது தடவை கொண்டுவரவில்லை. சின்னப் பெண், "தாத்தா நீந்துவாரா?" என்றாள். "தாத்தாவுக்கு நீச்ச தெரியாது. போட்டும், கத்துப்பாரு" என்றார் சரோஜா அம்மா.

குளித்துவிட்டு வந்து எல்லோரும் டிபன் சாப்பிட்டார்கள். பொங்கல், வடை, பூரி. பேக்கேஜில் சேர்ந்ததுதான்.

அதற்குள் ஜி.எம். அந்தச் சம்பவத்திலிருந்து பாடம் கற்றுவிட்டார். கேட்டில் ஒரு புதுப் பலகை வேண்டுமாம். பானை, குடம், மூடிய மண்பாண்டங்கள் அனுமதி இல்லை. தமிழில் நயமாக எழுதித் தரச் சொன்னார். இரண்டாவது செக்யூரிட்டி வேண்டும் சார் என்றேன். அது பட்ஜெட்டில் வராது, பலகை வரும் என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த சீசன் முடிந்ததும் வேலையை விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களிடம் சம்பளம், ஷிப்ட் என்று ஏதோ சொல்வேன். பலகைதான் காரணம். அதுவும் முழு உண்மை இல்லை, பில்லும் காரணம்.

செக்-அவுட்டுக்கு அவர்கள் வந்தபோது பில்லை எடுத்தேன். ரூம் பணம் முருகேசன் கட்டியது, பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டும். அடியில் ஒரு வரி இருந்தது. வெளிச் சாப்பாடு, டோக்கன் ஒன்று. நீக்கப் பார்த்தேன். ஜி.எம். பாஸ்வேர்ட் கேட்டது. உள்ளே போனேன்.

"சார், அது சாப்பாடு இல்ல."

"எனக்குத் தெரியாதா? டோக்கன் போட்டா வரி வந்துடும். எடுத்தா ஆடிட்ல கேப்பாங்க. பொருள் அலமாரில இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு சார். நடுவுல நாமதான் தொலைச்சோம்."

"திரும்பி வந்துடுச்சு இல்ல?"

வெளியே வந்து என் பர்சை எடுத்தேன். அதற்குள் ரேவதி பில்லைக் கையில் எடுத்துப் படித்துவிட்டார். அம்மாவிடம் சொல்லாமல் மடித்தார். கோவிந்தன் எட்டிப் பார்த்துவிட்டார்.

"சோறுன்னு போட்டுகீறாங்கக்கா. மாமாவ சோறுன்னு போட்டுகீறாங்க. இன்னா தம்பி இது?"

"நான் கட்டிடறேன் சார். வுடுங்க" என்றேன்.

"நீ எதுக்குக் கட்டணும்?" என்றார் சரோஜா அம்மா. என்னிடம் அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சும்மா இரு கோவிந்தா. ராத்திரி பூரா அந்த மனுசன் தூங்காம காவல் இருந்தாரு இல்ல? அதுக்குன்னு வச்சிக்க." மணிபர்சைத் திறந்தார். "அவரு பேர்ல எங்கயும் பாக்கி நிக்கக் கூடாது தம்பி. எவ்ளோன்னு சொல்லு."

சொன்னேன். எண்ணிக் கொடுத்தார். ரசீது தானாக அச்சாகி வெளியே வந்தது. பெயர்: டி. முருகேசன். நிலை: பின்னர் வருவார். பெற்றுக்கொண்ட தொகை, வரி உட்பட, ஐம்பத்தொன்பது ரூபாய்.